நெய்யாற்றின்கரையிலிருந்து வந்த ஆறடித் தொட்டி

அந்தத் தொட்டியை முதன்முதலில் பார்த்தபோது அதற்குள் தேங்காய் குவித்து வைத்திருந்தார்கள். கேரளத்து நெய்யாற்றின்கரையில் ஒரு வீட்டின் கார் ஷெட். தொட்டி ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம், 12 மி.மீ. கண்ணாடி. வளைகுடாவில் வேலை கிடைத்துக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார் விற்பவர். "ஆறு வருஷம் கடல் மீன் வளர்த்தது, அண்ணாச்சி. ஒரு சொட்டு ஒழுகியதில்லை" என்று கண்ணாடியைத் தட்டிக் காட்டினார். ஒழுகாத தொட்டிக்குள் எதற்குத் தேங்காய் என்று நான் கேட்கவில்லை. ஆசை கண்ணை மறைத்திருந்தது.

அந்த ஆசைக்கு விதை போட்டது திருவனந்தபுரத்துக்குப் பக்கத்து விழிஞ்ஞம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கே நடத்தும் காட்சியகத்துக்கு மகளைக் கூட்டிப் போயிருந்தேன். மகள் அரை மணி நேரத்தில் அலுத்துப்போய் ஐஸ்கிரீம் கேட்டாள். நான்தான் கோமாளி மீன் தொட்டியை விட்டு நகரவில்லை. குழித்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டில் அதற்கு முன்பே கப்பியும் ஏஞ்சலும் வளர்த்த அனுபவம் உண்டு. நன்னீர் தெரிந்தவனுக்கு உப்புநீர் எம்மாத்திரம் என்ற மிதப்பும் இருந்தது.

தொட்டி, இரும்பு ஸ்டாண்டு, கீழே வைக்கும் வடிகட்டித் தொட்டி (இதை எல்லோரும் சம்ப் என்கிறார்கள்), ஸ்கிம்மர் (கழிவை நுரையாக்கி எடுப்பது), சில்லர் (தண்ணீரைக் குளிர்விப்பது) எல்லாம் சேர்த்து நாற்பதாயிரத்துக்குப் பேசி முடித்தேன். புதிதாக வாங்கினால் இதைப்போல மூன்று மடங்கு ஆகியிருக்கும். ஆனால் பழைய தொட்டி வாங்கப் போகிறவர்கள் விலையைக் கேட்பதற்கு முன் செய்ய வேண்டிய சில காரியங்கள் உண்டு. அவற்றில் பாதியை மட்டுமே நான் செய்தேன். உட்புறக் கண்ணாடியில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் சிக்கும் கீறல் இருந்தால் அது ஆயுளுக்கும் அங்கேயேதான் இருக்கும். மூலைகளில் சிலிகான் தோல் உரிந்தது போலத் தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பார்த்தேன். சில்லரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுத் தண்ணீர் குளிர்கிறதா என்று பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை. ஓடியது, குளிர்ந்ததா என்று யார் பார்த்தது?

ஸ்டாண்டின் அலமாரிக்குள் கையை விட்டபோது பின்பக்கம் ஒரு சின்ன பாட்டில் தட்டுப்பட்டது. அடியில் கால் பாகம் நீல நிறத் திரவம். வெள்ளைப் புள்ளி நோய்க்குப் போடும் செம்பு மருந்து. "சேட்டா, இதை இந்தத் தொட்டியிலேயே ஊற்றினீர்களா?" என்று கேட்டேன். ஒரே ஒரு தடவை, நாலு வருஷத்துக்கு முன்னால் என்றார். மீனைக் காப்பாற்றும் அதே செம்பு, இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். அதிலும் மணலும் பாறையும் அதை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கக்கும். பழைய மணலைத் தொடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன். அது எப்படியும் நல்ல முடிவுதான். ஆறு வருட அழுக்கு தேங்கிய மணலைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் வரும், அந்த நாற்றத்தில் விஷமும் உண்டு.

ஒரு சாக்கு நிறையப் பாறைகளும் பவளத் துண்டுகளும் இலவசமாகத் தருகிறேன் என்றார். இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். நம் நாட்டில் பவளங்கள் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருக்கின்றன. கடல் குதிரைக்கும் கடல் அட்டைக்கும் இதே சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. உயிரோடு இருந்தால்தான் குற்றம், காய்ந்த துண்டு அலங்காரப் பொருள்தானே என்று பலரும் நினைக்கிறார்கள். சட்டம் அப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. பவளம் வளர்ந்த 'உயிர்ப் பாறை' என்று விற்கப்படுவதும் இதற்குள் வந்துவிடும். சாக்கை அங்கேயே விட்டுவிட்டு, பிற்பாடு சிமெண்டில் வார்த்த செயற்கைப் பாறை வாங்கினேன். பவளத் தோட்டம் வைக்கும் கனவு அதோடு முடிந்தது. மீனும் பாறையும் மட்டும் என்று ஆசையைச் சுருக்கிக்கொண்டேன். வருத்தமில்லை.

ஆறடி × இரண்டடி × இரண்டடி என்றால் 24 கன அடி, 680 லிட்டர். உப்புநீர் நன்னீரைவிடக் கொஞ்சம் கனம் என்பதால் 700 கிலோவை நெருங்கும். கண்ணாடி மட்டும் 130 கிலோ. பாறை, ஸ்டாண்டு, சம்ப் எல்லாம் சேர்த்தால் ஒரு டன். மாடி ஹாலில் வைக்கத்தான் எனக்கு ஆசை. பக்கத்து வீட்டுக் கொத்தனார் வந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தார்: "ஒரு சின்ன காரை நடுஹாலில் நிறுத்துவீர்களா?" கீழ்த்தளத்தில், மண்ணின் மேல் போட்ட தரையில், உள்சுவரை ஒட்டி இடம் ஒதுக்கினோம். ஜன்னல் வெயில் படாத இடம். வெயில் பட்டால் தண்ணீரும் சூடாகும், பாசியும் கொழுக்கும்.

கொண்டுவந்த கதையை விரிவாகச் சொல்லலாம், ஆனால் நடந்தது இவ்வளவுதான். ஆறு பேர், ஒரு டெம்போ, இரண்டு கயிற்றுப் பாய், ஒரு பழைய மெத்தை. தொட்டியின் அடியில் ஒரு விரற்கடை தண்ணீர்கூட மிச்சம் வைக்காமல் துடைத்துவிட வேண்டும். தூக்கும்போது அந்தத் தண்ணீர் ஒரு பக்கம் ஓடினால் போதும், ஒட்டு விட்டுவிடும். பாறசாலை தாண்டிக் களியக்காவிளை சோதனைச் சாவடியில் ஒரு போலீஸ்காரர் நிறுத்தி, போர்வையை விலக்கிப் பார்த்தார். "மீன் எங்கே?" என்றார். இனிமேல்தான் சார் என்றேன். அடுத்த ஐந்து மாதம் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு சொந்தக்காரரும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நானும் இதே பதிலைத்தான் சொன்னேன்.

மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த தொட்டியை நேராக ஹாலில் வைத்துத் தண்ணீர் ஊற்றுவது தற்கொலைக்குச் சமம். முற்றத்தில் அயனி மரத்தடியில், கெட்டித் தெர்மாகோல் போட்டு, ஆசாரியிடம் ரசமட்டம் இரவல் வாங்கி நான்கு பக்கமும் மட்டம் பார்த்தேன். சமதளமாக இல்லாவிட்டால் ஒரு மூலை மட்டும் பாரத்தைத் தாங்கும். மூன்றில் ஒரு பங்கு கிணற்றுத் தண்ணீர், ஒரு நாள் காத்திருப்பு. அப்புறம் இன்னொரு பங்கு. வெளிப்பக்கம் ஒட்டு ஓடும் இடமெல்லாம் முகப் பவுடரைத் தூவி வைத்தேன். மூன்றாம் நாள் காலை பல் தேய்த்துக்கொண்டே போய்ப் பார்த்தால், இடது பின்மூலையில் பவுடர் குழைந்து ஒரு கோடு. அரிசிமாவுக் கோலத்தில் எறும்பு ஊர்ந்தது போல அவ்வளவு மெல்லிய கோடு. இது ஹாலுக்குள் நடந்திருந்தால் ஒரு மாதம் கழித்துச் சுவர் பூத்த பிறகுதான் தெரிந்திருக்கும்.

பழைய சிலிகான் மேல் புது சிலிகான் ஒட்டாது. கசியும் இடத்தில் மட்டும் பூசினால் அது பூச்சு, அடைப்பு அல்ல. உள்பக்க மூலைகளில் ஓடும் வரிகள் அத்தனையையும் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். கண்ணாடிக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கும் ஒட்டைத் தொடக்கூடாது, தொட்டியைத் தாங்கி நிற்பது அதுதான். இரண்டு முழு நாள் தொட்டிக்குள் சப்பணம் போட்டு உட்கார்ந்து சுரண்டினேன். தெருவில் போன பிள்ளைகளுக்கு நான்தான் காட்சிப் பொருள். பிறகு அசிட்டோன் தொட்டுத் துடைத்து, பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காத சிலிகானை ஒரே மூச்சில் இழுத்தேன். குளியலறைக்கு விற்கும் சிலிகானில் அந்த மருந்து இருக்கும், மீனுக்கு ஆகாது. காடி நாற்றம் போகும்வரை ஒரு வாரம் காயவிட்டு, மறுபடி தண்ணீர், மறுபடி பவுடர். இந்த முறை பவுடர் பவுடராகவே இருந்தது.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவில்லை. பழைய ஸ்டாண்டுக்குள் இருந்த பிளக் பெட்டியைத் திறந்தால் கம்பியெல்லாம் பச்சை பூத்து, உப்பு படிந்து கிடந்தது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தொட்டியைவிட உயரத்தில் சுவரில் புதுப் பலகை போட்டு, 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் கருவியை மாட்டினேன். ஒவ்வொரு ஒயரும் பிளக்குக்குப் போகுமுன் ஒரு வளைவாகத் தொங்க வேண்டும். வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது.

கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது எதற்கு உப்பை விலைக்கு வாங்குகிறாய் என்று கேட்காதவர்கள் இல்லை. எனக்கும் அந்தச் சபலம் இருந்தது. ஆனி மாதத்தில் நாலு கேனோடு தேங்காப்பட்டணம் போனேன். குழித்துறைத் தாமிரபரணி கடலில் கலக்கும் இடம் அது. மழையில் ஆறு செம்மண் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அளந்து பார்த்தால் அடர்த்தி 1.012. நன்னீருக்கு 1, கடலுக்கு 1.025 இருக்க வேண்டும். பாதி ஆற்றையும் பாதி கடலையும் மொண்டு வந்திருக்கிறேன்! மேலே டீசல் ஆடை வேறு. கேன்களைத் தென்னைக்கு ஊற்றலாமா என்று அம்மா கேட்டாள். கோடையில், ஆறும் துறைமுகமும் இல்லாத கரையில் எடுத்தால் தேறும் என்பவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வொரு மாதமும் நூறு லிட்டர் சுமக்க என் முதுகு சம்மதிக்கவில்லை.

மணலுக்கும் இதே கதை. மணவாளக்குறிச்சிப் பக்கத்துச் சொந்தக்காரர் ஒருவர் "கறுப்பு மணல், பார்க்க அழகாக இருக்கும், ஒரு மூட்டை தரட்டுமா?" என்றார். அந்த மணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் இருப்பதால்தானே அங்கே அரசு ஆலையே நடக்கிறது. தோரியம் உள்ள மணலை வீட்டு ஹாலில் பரப்ப எனக்கு மனம் வரவில்லை. பை போட்டு விற்கும் சுண்ணாம்புச் சத்துள்ள வெள்ளை மணலையே வாங்கினேன். அது கரைந்து தண்ணீர் புளித்துப்போகாமல் பார்த்துக்கொள்ளும்.

எங்கள் கிணற்றுத் தண்ணீர் குடிக்க அமிர்தம். ஆனாலும் கடல் தொட்டிக்கு ஆர்.ஓ. வடிகட்டியைக் கடந்து, அதற்குப் பின் மிச்ச உப்பையும் பிடித்துக்கொள்ளும் டி.ஐ. பிசினையும் கடந்து, கரைந்திருப்பதை அளக்கும் மீட்டர் பூஜ்யம் காட்டும் தண்ணீர்தான் வேண்டும். இல்லாவிட்டால் பாசிக்குச் சோறு போடுவதாகிவிடும். பாறை, மணல் போக, சம்பையும் சேர்த்து எனக்கு ஓடும் தண்ணீர் சுமார் 650 லிட்டர். லிட்டருக்கு 36 கிராம் வீதம் 23 கிலோவுக்கு மேல் உப்பு கரைந்தது. முதலில் தண்ணீர், பிறகு உப்பு. மாற்றிச் செய்தால் சுண்ணாம்பாகத் திரிந்து அடியில் படியும். விற்றவர் கொடுத்த உப்பு அளக்கும் கருவி, முள்ளில் உப்பு ஒட்டிக்கொண்டு பொய் சொன்னது. ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் புது ரிஃப்ராக்டோமீட்டர் வாங்கிய பிறகுதான் உண்மை தெரிந்தது. பழைய பொருளில் எதை நம்பினாலும் அளக்கும் கருவியை நம்பக்கூடாது.

எல்லாம் ஓட ஆரம்பித்த மூன்றாம் இரவு கரண்டு போனது. எங்கள் ஊரில் மழைக் காலத்தில் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. நான் திரும்பிப் படுத்துத் தூங்கிவிட்டேன். காலையில் அம்மாதான் எழுப்பினாள்: "மக்களே, உன் கடல் அடுக்களைக்கு வந்துவிட்டது."

கணக்கு எளிது. கணக்குப் போடாததுதான் பிழை. மேல் தொட்டியில் ஒரு செ.மீ. தண்ணீர் இறங்கினால் அது 11 லிட்டர். சம்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் குழாயின் வாய், நீர்மட்டத்துக்கு 8 செ.மீ. கீழே மூழ்கியிருந்தது. மோட்டார் நின்றதும் அதே குழாய் தலைகீழாக உறிஞ்ச ஆரம்பித்து, வாய் வெளியே தெரியும்வரை இறக்கிவிட்டது. கிட்டத்தட்ட 90 லிட்டர். சம்பில் மிச்சமிருந்த இடம் 50. மீதி 40 லிட்டரும் கோரைப்பாயையும் மகளின் ஸ்கூல் பையையும் நனைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போயிற்று. அன்றைக்கே குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே வரை உயர்த்தி, மட்டத்தை ஒட்டி ஒரு சின்ன ஓட்டை போட்டேன். தண்ணீர் கொஞ்சம் இறங்கியதும் ஓட்டை காற்றை இழுக்கும், உறிஞ்சல் அறுந்துவிடும். அந்த ஓட்டையைப் பாசி அடைக்கும். அதனால் மாதம் ஒரு முறை பல்குத்தும் குச்சியால் குத்திவிட்டு, நானே பிளக்கைப் பிடுங்கிச் சம்பு எதுவரை நிறைகிறது என்று பார்க்கிறேன். மார்க்கர் பேனாவால் கோடும் போட்டிருக்கிறேன்.

செயற்கைப் பாறையில் உயிர் எதுவும் கிடையாது என்பதால், மீன் கழிவின் விஷத்தை முறிக்கும் பாக்டீரியா பிடிக்க ஆறு வாரம் ஆயிற்று. சந்தையில் வாங்கிய இறால் ஒன்றை வலைப்பையில் கட்டித் தொங்கவிட்டேன். அது அழுகி அம்மோனியா ஏறியது. பிறகு அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறியது. கடைசியில் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் மிச்சம். அதற்குள் மீன் விட்டிருந்தால் அத்தனையும் செத்திருக்கும். உப்புநீரின் காரத்தன்மையில் அம்மோனியா இன்னும் கொடியது. ஆறு வாரம் வெறும் தண்ணீரையும் பாறையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பற்றி அக்கம்பக்கத்தில் என்ன பேசினார்கள் என்பதை எழுத வேண்டாம்.

முதலில் பண்ணையில் பொரித்த கோமாளி மீன் ஜோடி. கடலில் பிடித்த மீனைவிட இவை தீனிக்கும் தொட்டிக்கும் பழகியவை. நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்றினேன். உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவைத்தேன். கடலில் தங்களுக்கு வீடான கடல் சாமந்தியைத் தேடாமல் அந்த ஓட்டுத் துண்டையே வீடாக எடுத்துக்கொண்டன. இரண்டில் பெரியது பெண். கோமாளி மீன் எல்லாமே ஆணாகப் பிறந்து, பெரியதாக வளர்வதுதான் பெண்ணாக மாறும். இதைச் சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

சித்திரையில் சில்லர் உயிரை விட்டது. தண்ணீர் 31 டிகிரி. இரண்டு மின்விசிறியை நீர்ப்பரப்பின் மேல் திருப்பி வைத்ததில் 28-க்கு இறங்கியது. ஆனால் நாளுக்கு எட்டு லிட்டர் ஆவியாகப் போயிற்று. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கும். ஈடு செய்ய நல்ல தண்ணீர்தான் ஊற்ற வேண்டும். பத்து நாள் வெளியூர் போக நேர்ந்தபோது மச்சானிடம் "கோட்டுக்குக் கீழே இறங்கினால் தண்ணீர் ஊற்று" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். கடல் மீனுக்குக் கடல் தண்ணீர்தானே என்று, மச்சான் கரைத்து வைத்த உப்புநீரையே தினமும் ஊற்றியிருக்கிறார். திரும்பி வந்து அளந்தால் 1.030. ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாக நீக்கி, நன்னீர் சேர்த்து இறக்கினேன். மீன்கள் பிழைத்தன. மச்சானோடு ஒரு மாதம் பேச்சு இல்லை.

அதன்பின் தண்ணீர் ஊற்றும் வேலையை அம்மா எடுத்துக்கொண்டாள். ஒரு நாள் தவறவில்லை. அளவும் தவறவில்லை. தைரியம் வந்து, சிவந்த முதுகில் வெள்ளைக் கோடு ஓடும் துப்புரவு இறால் மூன்று வாங்கி விட்டேன். மீனின் உடம்பில் இருப்பதைக் கொத்தித் தின்னும் இறால் அது, கையை விட்டால் நகத்தையும் கொத்தும். ஐந்தாவது வாரம் ஒன்று மல்லாந்து கிடந்தது. இரண்டு நாளில் இன்னொன்று. சோதனைக் குப்பியில் செம்பு காட்டியது!

நீல பாட்டில்தான் நினைவுக்கு வந்தது. நெய்யாற்றின்கரைக்காரருக்கு வளைகுடாவுக்கே போன் போட்டேன். ஒரே தடவை என்றீர்களே சேட்டா, எத்தனை தடவை ஊற்றினீர்கள் என்று கொஞ்சம் குரலை உயர்த்தியே கேட்டுவிட்டேன். ஒரே தடவைதான் என்று அவர் சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. மணலும் பாறையும் புதிது, இறால் விடும்முன் சோதித்தபோது செம்பு பூஜ்யம் என்பதெல்லாம் அந்தக் கோபத்தில் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் விடியற்காலையில் தண்ணீர் குடிக்க எழுந்தேன். அடுக்களையில் ஆர்.ஓ. குழாயின் முனை அம்மாவின் செம்புக் குடத்துக்குள் இருந்தது. குடம் விளிம்பு வரை நிறைந்திருந்தது. ராத்திரி முழுக்கச் செம்பில் இருந்த தண்ணீர் உடம்புக்கு நல்லது என்று எங்களுக்கெல்லாம் அப்படித்தான் தருவாள். மீனுக்கும் பாவம், நல்லதாகவே கொடுப்போம் என்று நினைத்திருக்கிறாள். நானோ தண்ணீரில் இருந்த தாதுவையெல்லாம் சல்லடை போட்டு எடுத்து, எதைத் தொட்டாலும் கரைத்துக்கொள்ளும் தண்ணீராக ஆக்கி வைத்திருக்கிறேன். அதைப் போய்ச் செம்புக்குள் இரவெல்லாம் வைத்தால்?

கரியும் செம்பு உறிஞ்சும் பொருளும் போட்டு, வாரம் இரண்டு முறை நூறு நூறு லிட்டராக மாற்றியதில் ஒரு மாதத்தில் குப்பி மறுபடி நிறமில்லாமல் ஆயிற்று. குடத்துக்குப் பதில் மூடி போட்ட வெள்ளை பிளாஸ்டிக் கேன் வந்தது. "பிளாஸ்டிக்கில் வைத்த தண்ணீர் மட்டும் நல்லதா?" என்று அம்மா கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வளைகுடாவுக்கு இரண்டாவது போன் போட்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, பவளச் சாக்கு இன்னும் கார் ஷெட்டிலேயே கிடக்கிறது, வேண்டுமா என்றார்.

போன வாரம் காலையில் அம்மா கேனும் கையுமாக ஹாலிலிருந்து கத்தினாள்: "மக்களே, மிச்சமிருந்த ஒன்றும் போய்விட்டது. இந்த முறை நான் ஒன்றும் செய்யவில்லை." ஓடிப்போய்ப் பார்த்தேன். மணலில் இறால் கிடந்தது, மீசை முதல் வால் வரை முழுசாக. கம்பியால் தொட்டதும் காற்றில் மிதக்கும் வெங்காயத் தோல் போல மேலே எழும்பியது. உள்ளே ஒன்றுமில்லை. ஓட்டுத் துண்டின் பின்னாலிருந்து இரண்டு வெள்ளை மீசை மெல்ல ஆடிக்கொண்டிருந்தன. சட்டையை உரித்துப் போட்டுவிட்டு, புதுத் தோல் கெட்டியாகும்வரை அங்கே ஒளிந்துகொண்டிருக்கிறது.